நான்காம் எண் மேஜையும் இரண்டாவது அடுப்பும்

செண்பகம் யாரையும் நம்பமாட்டாள். பால் பாக்கெட்டை நாலு பக்கமும் அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவாள். பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று ஊரே கொண்டாடியபோது, "இன்னிக்கி சும்மா உடுவான், அப்பால மொத்தமா புடுங்குவான்" என்று முதல் வாரம் முழுக்கக் காசை நீட்டிக்கொண்டே போன ஒரே பெண்மணி அவளாகத்தான் இருக்கவேண்டும். கண்டக்டர் வாங்க மறுத்ததும் அந்தச் சந்தேகம் இன்னும் கெட்டிப்பட்டது.

வேறு எங்கேயாவது வேலைக்குச் சேர்ந்திருந்தால் இந்தக் குணத்துக்குக் கெட்ட பேர்தான் மிஞ்சியிருக்கும். ஆழ்வார்பேட்டைச் சந்து ஒன்றில் இரண்டு மாடியில் நடக்கும் ரத்தப் பரிசோதனை லேப்பில் அதுவே அவளுக்குச் சோறு போட்டது. காலை ஆறரையிலிருந்து மயிலாப்பூர், மந்தைவெளி, அபிராமபுரம் என்று வீடு வீடாகப் போய் எடுத்த ரத்தமெல்லாம் சின்னக் குழாய்களில் வந்து அவள் மேஜையில்தான் இறங்கும். பேர் சரியா, ஒட்டின சீட்டு சரியா, அளவு போதுமா என்று பார்ப்பாள். ஊதா மூடி போட்ட குழாய் என்றால் ட்யூப் லைட்டுக்கு நேரே தூக்கி மூன்று தரம் சாய்த்துப் பார்ப்பாள். அந்தக் குழாய்க்குள் ரத்தம் உறையாமலிருக்க மருந்து தடவியிருக்கும். எடுத்தவர் அப்போதே மெல்லப் புரட்டிக் கலக்காவிட்டால் உள்ளே கடுகளவு கட்டி விழுந்துவிடும். அதை மெஷினில் விட்டால் மெஷின் கூசாமல் பொய் சொல்லும். அப்படி ஒன்று கண்ணில் பட்டதோ, தீர்ந்தது.

"ந்தா சேட்டு, இத்த எட்துகினு போ. மறுபடி குத்தி எட்துகினு வா."

"யக்கா, அந்த அம்மா மூணாவது மாடிக்கா. லிஃப்ட்டு கெடையாது."

"உனுக்கு காலு கீது இல்ல? போ."

சேட்டு வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுத்து வரும் ஐந்து பேரில் ஒருவன். நாற்பதைத் தொடும் வயது, நல்ல கை, கொஞ்சம் அவசரம். நாளுக்கு எட்டு பத்து குழாய் செண்பகத்திடமிருந்து திரும்பும். அதில் பாதி அவனுடையதாக இருக்கும். அவள் முதுகுக்குப் பின்னால் அவன் வைத்திருந்த பேர்களை இங்கே அச்சில் போட முடியாது.

இருபத்திரண்டு வயதில், பத்தாவது மட்டும் படித்த படிப்போடு, கண்ணாடிக் குழாய் கழுவுவதற்காக அந்த லேப்புக்கு வந்தவள் அவள். அப்போதெல்லாம் குழாயைக் கழுவி மறுபடி உபயோகிப்பார்கள். மற்றவர்கள் கழுவியதையும் எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, "இது அழுக்கு" என்று திருப்பித் தொட்டியில் போடுவாள். லேப்பின் சொந்தக்காரர் டாக்டர் வேம்பு இதை ஒரு வருஷம் பார்த்துவிட்டு, "நீ கழுவ வேண்டாம், இங்கே உக்காந்து பாத்துண்டே இரு" என்று மேஜையில் உட்கார வைத்தார். கண்ணாடிக் குழாய் போய் பிளாஸ்டிக் வந்தது, நோட்டுப் புத்தகம் போய் கம்ப்யூட்டர் வந்தது. செண்பகம் அங்கேயே இருந்தாள். இருபத்துநாலு வருஷம்.

அந்த மேஜையில்தான் ஒரு திங்கட்கிழமை காலையில் "4" என்று எண் போட்ட மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

தரையிலும் மஞ்சள் டேப் ஒட்டி வழி போட்டிருந்தார்கள். ஒட்டியவள் அடையாற்றிலிருந்து ஒரு கம்பெனி அனுப்பிய மாளவிகா. முப்பது வயதுக்குள் இருக்கும். கையில் டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் யாரையும் பகைத்துக்கொள்ளாத ஒரு சிரிப்பு. ரிசல்ட் கொடுக்க நேரமாகிறது என்று வாடிக்கையாளர்கள் பக்கத்து லேப்புகளுக்குப் போய்க்கொண்டிருந்ததால், எங்கே தாமதம் என்று கண்டுபிடிக்க டாக்டர் அவளை வரவழைத்திருந்தார்.

"ஒண்ணும் பயப்படாதீங்கக்கா. ஒரு வாரம் பக்கத்துல நின்னு டைம் நோட் பண்ணிக்கறேன். சும்மா ஒரு ஸ்டடி, அவ்வளவுதான்."

செண்பகம் அந்த மஞ்சள் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். ஸ்டடி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. 'சும்மா' என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும்.

பெருவெள்ளம் வடிந்த அடுத்த வருஷம், கோட்டூர்புரத்தில் ஆற்றங்கரையை ஒட்டியிருந்த அவர்கள் வீட்டுக் கதவிலும் இப்படித்தான் ஒருநாள் எண் விழுந்தது. சிவப்புப் பெயிண்டில் 117. கூடவே இரண்டு பேர் கையில் தாளோடு வந்தார்கள். "சும்மா கணக்கெடுக்கறோம்மா. எத்தனை குடும்பம்?"

ஒரே கூரைக்குக் கீழே இரண்டு குடும்பம் இருந்தது. செண்பகத்தின் வீட்டுக்காரர் குடும்பம் ஒன்று, அவர் தம்பி குடும்பம் ஒன்று. நடுவில் தகரத் தடுப்பு. இந்தப் பக்கம் ஓர் அடுப்பு, அந்தப் பக்கம் தம்பி பெண்டாட்டி மணிமொழியின் அடுப்பு. அடுப்பு தனி என்றால் குடும்பம் தனி என்பதுதான் அந்தக் கரையில் எல்லோரும் அறிந்த கணக்கு. ஆனால் முந்தின நாள் குழாயடியில் யாரோ கொளுத்திப் போட்டிருந்தார்கள்: ஒரு கதவு எண்ணில் இரண்டு கேஸ் அடுப்பு இருந்தால் கனெக்‌ஷனைப் பிடுங்கிக்கொண்டு அபராதமும் போடுவார்களாம். மணிமொழி வேலைக்குப் போயிருந்த நேரம். செண்பகம் யோசிக்கவே இல்லை. மணிமொழியின் அடுப்பைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, கோணிச் சாக்கைப் போட்டு மூடினாள்.

"இத்தனை பேருக்கும் ஒரே அடுப்பாம்மா?" என்று கேட்டார் வந்தவர், கொஞ்சம் இரக்கமாகவே.

"ஒரே அடுப்புதான் சார். ஒத்துமையா கீறோம்."

ஒரு குடும்பம் என்று எழுதிக்கொண்டு போனார். அவர்கள் தெரு திரும்புவதற்குள் அடுப்பை எடுத்து மறுபடி மாட்டிவிட்டாள். கெட்டிக்காரத்தனம் செய்துவிட்ட சந்தோஷம் அவளுக்கு எட்டு மாதம் நீடித்தது. பிறகு கரையோர வீடுகளை இடித்துவிட்டு, கணக்கில் எழுதிய குடும்பத்துக்கு ஒன்று என்று அரசாங்கம் வீடு கொடுத்தபோது, பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியில் கிடைத்தது. ஒன்பது பேருக்கு ஒரே வீடு. பக்கத்தில் 118-ஆம் எண்காரர்கள் இரண்டு அடுப்பைக் காட்டியிருந்தார்கள். அவர்களுக்கு இரண்டு வீடு. மணிமொழியின் புருஷன் அந்தக் கணக்கெடுத்த மனுஷனை இன்றுவரை சபிக்கிறான். லஞ்சம் வாங்கியிருப்பான், கண் குருடு, கை விளங்காது. அவன் சபிக்கும்போதெல்லாம் செண்பகமும் கூடச் சேர்ந்து "ஆமா" போடுவாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் வேறு என்ன செய்வாள்?

சூடுபட்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது என்பார்கள். செண்பகம் சூடு பட்டாள். ஆனால் பாடத்தைத் தலைகீழாகப் படித்துக்கொண்டாள். ஒளித்தது தப்பு என்று அவளுக்குத் தோன்றவில்லை. கணக்கெடுக்க வருகிறவர்களை நம்பக்கூடாது, அதுதான் அவள் படித்த பாடம்.

எனவே மாளவிகா பக்கத்தில் வந்து நின்று டேப்லெட்டில் கடிகாரத்தை ஓடவிட்டதும், செண்பகத்தின் கை தானாக வேகம் பிடித்தது. மெதுவாக வேலை செய்கிற கிழவி என்று எழுதி அனுப்பிவிடத்தானே இவள் வந்திருக்கிறாள்? நடக்காது. ஒரு குழாய்க்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறவள், சீட்டைப் பார்த்தாள், பேரைப் பார்த்தாள், கம்ப்யூட்டரில் காட்டிப் 'பீப்' என்று சத்தம் வந்ததும் தட்டில் குத்தினாள். தூக்கிப் பார்க்கவில்லை. சாய்த்துப் பார்க்கவில்லை. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் ஒரு குழாய்கூடத் திரும்பவில்லை.

"இன்னாக்கா, ஒண்ணுகூட துப்பல? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்றான் சேட்டு, நிஜமாகவே கவலைப்பட்டு.

"வாய மூடிகினு போ."

மாளவிகா அவளைப் பார்த்துச் சிரித்து, "சூப்பர் ஸ்பீடுக்கா நீங்க" என்றாள். அந்தச் சிரிப்பில் என்ன இருக்கிறது என்று செண்பகம் அன்று முழுக்கத் துருவிக்கொண்டிருந்தாள். மதியம் டாக்டர் அறையில் மாளவிகா கதவைச் சாத்திக்கொண்டு பேசியது அவள் சந்தேகத்துக்கு எண்ணெய் விட்டது. வியாழனும் வெள்ளியும் இன்னும் வேகமாகத் தள்ளினாள். மனசு உறுத்தாமல் இல்லை. இந்தப் பெண் ஒழிந்ததும் திங்கட்கிழமையிலிருந்து ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளலாம், ஐந்து நாளில் என்ன குடிமுழுகிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் குடிமுழுகியது.

சித்திரக்குளம் பக்கத்திலிருந்து போன். வைதேகி மாமி, வயது எழுபத்தொன்று, மூன்று நாள் காய்ச்சல். வெள்ளிக்கிழமை காலை சேட்டு போய் எடுத்துவந்த ரத்தத்தில் தட்டணுக்கள் முப்பத்தோராயிரம் என்று ரிப்போர்ட் போயிருந்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கவேண்டியது. டெங்குவேதான் என்று வீடே அலறி, மாமியைக் காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். படுக்கையில் சாய்ந்ததும் மாமி மகளைக் கூப்பிட்டு, பீரோ சாவி எந்த டப்பாவில் இருக்கிறது, எந்தப் புடவையைத் தனக்குக் கட்டவேண்டும் என்று வரிசையாகச் சொல்லிவிட்டாராம். ஆஸ்பத்திரியில் மறுபடி எடுத்துப் பார்த்தால் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். சாதாரணக் காய்ச்சல். மகளுக்கு ஆத்திரம் வராமல் என்ன செய்யும்? போனில் அவள் போட்ட சத்தம் டாக்டரின் அறைக்கு வெளியே வரை கேட்டது.

மெஷினைப் பார்க்கும் அமீனைக் கூப்பிட்டுக் கேட்டார் டாக்டர். அவன் ஸ்லைடு போட்டுப் பார்த்திருக்கிறான். அதிலும் குறைவாகவே தெரிந்திருக்கிறது. கட்டி இருக்கிறதா என்று குழாயை அவன் சாய்த்துப் பார்க்கவில்லை. செண்பகம் அக்கா கை பட்டு வந்ததில் கட்டி இருக்காது என்பது அவன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கற்றுக்கொண்ட நம்பிக்கை.

பழி சேட்டு தலையில் விடிந்தது. "வேற யார் ரத்தத்தையாவது மாத்தி ஊத்திட்டியாடா?" என்று டாக்டர் கேட்டதும் அவன் முகம் செத்துவிட்டது. "என் பசங்க மேல சத்தியமா இல்ல சார்" என்றான். இன்றோடு வேலை போய்விடும் என்று லேப் முழுக்க முணுமுணுப்பு. செண்பகத்துக்கும் முதலில் சேட்டு மேல்தான் சந்தேகம். அவசரக்காரன், மாற்றியிருப்பான். அப்புறம்தான், அந்தக் குழாயைத் தானும் சாய்த்துப் பார்க்கவில்லை என்பது உறைத்தது.

மாடியில் பழைய குழாய்களை வைக்கும் ஃப்ரிட்ஜ் இருந்தது. யாரும் பார்க்காத சமயம் போய் வெள்ளிக்கிழமைத் தட்டை இழுத்தாள். வைதேகி, ஊதா மூடி. மூடியைத் திறந்து மரக்குச்சியை விட்டு மெல்லச் சுழற்றித் தூக்கினாள். குச்சியின் நுனியில் மிளகு பருமனுக்குக் கட்டி ஒன்று தொங்கிக்கொண்டு வந்தது. ரத்தம் மாமியுடையதுதான். தட்டணுக்கள் எங்கேயும் போகவில்லை. எல்லாம் இந்தக் கட்டிக்குள் சிக்கிக் கிடந்தன. சேட்டு கலக்காமல் விட்டிருக்கிறான். வழக்கம்போல மூன்று தரம் சாய்த்திருந்தால் அவள் கண்ணில் இது படாமல் போயிருக்காது.

பக்கத்திலேயே கழிவுத் தொட்டி இருந்தது. போட்டுவிட்டால் கதை முடிந்தது. கட்டிலுக்கு அடியில் தள்ளுவதைவிட இது சுலபம். செண்பகம் அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பயமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. கடைசியில் குழாயை மூடி, கட்டியோடு குச்சியையும் தட்டிலேயே வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

மதியம் இரண்டு மணிக்கு டாக்டர் அறையில் எல்லோரையும் கூப்பிட்டார்கள். சுவரில் மாளவிகா தன் கணக்கைப் படம் போட்டுக் காட்டினாள். ஒன்றாம் எண் மேஜை, இரண்டாம் எண், மூன்று. பிறகு நான்கு.

"இங்கதான் லேட் ஆகுதுன்னு முதல்ல எல்லாரும் சொன்னாங்க சார். ஆனா நான் பாத்தவரை ஒரு ட்யூபுக்கு இருபத்திரண்டு செகண்ட்தான். பேரைப் பாத்து ஸ்கேன் பண்றாங்க, அவ்வளவுதான். இதை கலெக்‌ஷனுக்குப் போறவங்களே போன்ல பண்ணிடலாம். தனியா ஒரு மேஜை தேவையில்லை."

"அப்போ செண்பகத்தை என்ன பண்றது?"

"அக்காவுக்கு வேற இடம் குடுத்துடலாம் சார். ஓஎம்ஆர்ல புதுசா ஆரம்பிக்கற சென்டர்ல பேக்கிங் இருக்கு. அவங்க வீட்டுக்கும் பக்கம்."

மாளவிகா நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் வேற இடம் குடுத்துடலாம் என்ற வார்த்தைகளைச் செண்பகம் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறாள். இந்தத் தடவை யாரும் அவளை ஏமாற்றவில்லை என்பதும் அந்த நிமிஷமே அவளுக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்குப் போலவே இரக்கமாகக் கேட்டார்கள், ஒரே அடுப்புதான் என்று அவள்தான் காட்டினாள். அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

வெளியே ஓடி மாடிக்குப் போனாள். திரும்பி வந்து வைதேகி மாமியின் குழாயையும் குச்சியையும் டாக்டர் மேஜை மேல் வைத்தாள்.

"அந்த நம்பரு பொய்யி மேடம்."

"எந்த நம்பர்க்கா?"

"இருவத்திரெண்டு. நீங்க நின்னுகினு இருந்தீங்கன்னு நான் கொழாவ பாக்கவே இல்ல. சீட்ட பாத்து தள்ளிட்டேன். பாக்கணும்னா ஒரு நிமிசம் பத்து செகண்டு ஆவும். இதுல கட்டி கீது. சேட்டு கலக்கல, அது அவன் தப்பு. அத்த புடிக்கத்தான் நான் குந்திகினு கீறேன். புடிக்கல. அது என் தப்பு."

சேட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"எதுக்குக்கா அப்படிப் பண்ணீங்க?" என்றாள் மாளவிகா.

"கணக்கெடுக்க வந்தவங்களாண்ட ஒருவாட்டி இப்பிடித்தான் ஒளிச்சி வெச்சேன் மேடம். ஒம்போது பேரு ஒரே ஊட்டுல கீறோம். இன்னொருவாட்டி தாங்காது."

மாளவிகாவுக்கு அது பாதி புரியவில்லை. ஆனால் டேப்லெட்டைத் தள்ளித் தள்ளிப் பார்த்தவள் முகம் மாறியது. "ஆறு மாச ரிக்கார்டுல தினமும் எட்டு, ஒன்பது ட்யூப் ரிஜெக்ட் ஆயிருக்கு சார். நான் நின்ன அஞ்சு நாளும் ஜீரோ. நான் நிக்கறதால கலெக்‌ஷன் ஆளுங்க ஒழுங்கா எடுக்கறாங்கன்னு நெனச்சுட்டேன்." சொல்லும்போது அவளுக்கே சிரிப்பும் அவமானமும் சேர்ந்து வந்தன.

டாக்டர் வேம்பு குச்சியில் இருந்த கட்டியைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இருபத்துநாலு வருஷமா ஊரையே சந்தேகப்பட்டுண்டு உக்காந்திருந்தியே செண்பகம்! உன்னைச் சந்தேகப்படணும்னு எனக்குத் தோணவே இல்லையே. வைதேகி மாமி ஆத்துல என்ன பாடு பட்டுட்டா தெரியுமோ?"

"தெரியும் சார். நானே போயி சொல்றேன்."

"நான் போறேன். நீயும் வா. சேட்டு, நீயும்தான்."

அவளுக்கு ஒரு மெமோ, சேட்டுவுக்கு ஒரு மெமோ. இனிமேல் ரத்தம் எடுத்ததும் குழாயை எட்டு தரம் புரட்டிக் கலக்கிவிட்டுத்தான் வீட்டைவிட்டுக் கிளம்பவேண்டும் என்று உத்தரவு. நான்காம் எண் மேஜை இருக்கிற இடத்திலேயே இருக்கும். திங்கட்கிழமை மாளவிகா மறுபடி வந்து நிற்பாள். அவள் கணக்கில் இன்னொன்றும் அன்று தெளிவானது: தாமதம் செண்பகத்தின் கையில் இல்லவே இல்லை. ஐந்து பேரும் லஸ் பக்கம் ஒன்றாக டீ குடித்துவிட்டு எட்டரைக்கு ஒரே நேரத்தில் குழாய்களைக் கொண்டுவந்து கொட்டுவதுதான் கோளாறு. இரண்டு இரண்டு பேராக முன்னும் பின்னும் வந்தால் மேஜையில் குவியாது, ரிசல்ட்டும் முக்கால் மணி முன்னதாகப் போய்விடும். டீக்குத் துணையில்லாமல் போகப்போகிறதே என்று சேட்டு மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

வைதேகி மாமி வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே விவரிக்க வேண்டாம். கடைசியில் மாமியே, "போறது, பீரோ சாவி எங்கேன்னு இவாளுக்குத் தெரிஞ்சதே, அதுவரைக்கும் நல்லது" என்று சொல்லி மோர் கொடுத்து அனுப்பினார்.

பெரும்பாக்கம் பஸ்ஸில் செண்பகம் டிக்கெட்டைக் கையில் கசக்கிக்கொண்டே வந்தாள். மேஜை பிழைத்ததில் நிம்மதி இருந்தது. ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்ட வாய்க்கு இன்னொன்றை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஏழாவது மாடியில் மணிமொழி டீ போட்டுக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் யாரும் இன்னும் வரவில்லை. செண்பகம் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்று சொல்லிவிட்டாள்.

"மணி, அந்த கணக்கெடுத்த ஆளு மேல தப்பில்ல. நீ வேலைக்கி போயிருந்தப்ப உன் அடுப்ப நான்தான் கட்டிலுக்கு கீய தள்ளி மறைச்சேன். ஒரே குடும்பம்னு சொன்னதும் நான்தான்."

மணிமொழி திரும்பவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள்.

"தெரியும்க்கா."

"இன்னா தெரியும்?"

"அன்னிக்கி சாயங்காலம் வந்து அடுப்ப பத்த வெச்சேன். பர்னருக்குள்ள சாக்கு நாரு எரிஞ்சி வீடே நாறிச்சி. அப்ப புரியல. ஒரே வூடுன்னு சீட்டு வந்திச்சி பாரு, அன்னிக்கி புரிஞ்சிது."

"தெரிஞ்சிகினா எட்டு வருசம் வாயத் தொறக்காம இருந்த? உன் ஊட்டுக்காரரு அந்த ஆள திட்டறப்பல்லாம் பக்கத்துல குந்திகினு?"

மணிமொழி டம்ளரை அவள் கையில் கொடுத்தாள். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து பழைய துணி சுற்றிய ஒரு மூட்டையை இறக்கி அவள் காலடியில் வைத்தாள். அவளுடைய அந்தப் பழைய அடுப்பு. ஒரு பொட்டு தூசி இல்லை. பர்னர் இரண்டும் நேற்றுத்தான் தேய்த்த மாதிரி பளபளத்தன.

"வருசா வருசம் போகிக்கி வெளிய போட்டுடலாம்னு எடுப்பேன். தொடச்சி திரும்பவும் மேல வெச்சிடுவேன். நீயா சொல்ற வரிக்கும் இருக்கட்டும்னு."